காது வைத்த பாட்டில்

குளியலறைக்குள் விளக்கு எரியவில்லை. தண்ணீர் விழும் சத்தமும் இல்லை. மனைவி மறுபடியும் கதவைத் தட்டியபோது உள்ளேயிருந்து குரல் வந்தது: "இரும்மா, கையெல்லாம் சோப்பு. இப்பத்தான் பெட்டியத் திறக்கப் பாக்கறேன்."

அவர் குளிக்கவில்லை. இருட்டில், சோப்புக் கையோடு, மாமனாரின் பழைய கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கை ஈரமாக இருப்பவர், பார்வை மங்கியவர், அவசரத்தில் இருப்பவர், மூவரும் அந்தப் பெட்டியைத் திறக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். வீட்டில் இருப்பது ஒரே குளியலறை என்பதும், வெளியே துண்டோடு மகளும் மாமனாரும் நிற்கிறார்கள் என்பதும் இந்த ஆராய்ச்சியில் சேர்த்தி இல்லை.

அவர் கிராஃபிக் டிசைனர். வீட்டின் முன்னறைதான் அலுவலகம். டிசைன் செய்வது அவர். வாடிக்கையாளர்களிடம் பேசுவது மனைவி. பேசுவது என்றால், அவர் இழுத்துவிடும் வம்புகளுக்கெல்லாம் சமாதானம் சொல்வது. அச்சடிக்கக் கொடுக்கும் பிரஸ்ஸில் அவருக்குப் 'பெருசுபண்ணு' என்று பெயர். எதைக் காட்டினாலும், "எழுத்தக் கொஞ்சம் பெருசு பண்ணு" என்பார். பண்ணிக் காட்டினால், "இன்னும் கொஞ்சம்" என்பார். மிஷின்காரருக்கு அவர் படியேறும் சத்தம் கேட்டாலே சாப்பிடும் நேரம் வந்துவிடும்.

முன்பு இப்படி இல்லை. எழுத்து எறும்பு அளவுக்கு இருக்க வேண்டும், அதுவும் வெள்ளையின் மேல் வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டும், அதற்கு மேல் பளபளவென்று பிளாஸ்டிக் தாள் ஒட்டி லேமினேஷன் செய்ய வேண்டும். "யாரு படிக்கப் போறா? எடுத்தா வழுக்கணும், பாத்தா சொக்கணும்" என்பதுதான் அந்தக் காலத்து வசனம். அப்படி ஒரு மருந்து கம்பெனிக்குச் செய்த பெட்டிகள் பார்க்கப் பார்க்க அழகு. ஒன்றைப் போலவே இன்னொன்று, எல்லாம் ஒரே அச்சு. அதற்கு விருதும் கிடைத்தது. கனமான கண்ணாடிக் கோப்பை. இப்போது அது குளியலறைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுக்கிறது.

இன்றைக்கு அவருக்கு லேமினேஷன் என்ற சொல்லே ஆகாது. கடையில் ஏதாவது வாங்கினால் முதல் வேலையாக நகத்தால் பெட்டியின் மூலையைச் சுரண்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்து, "பாரு, இத எந்தக் குப்பையில போடுவே? காகிதமும் இல்ல, பிளாஸ்டிக்கும் இல்ல" என்று கடைக்காரரிடமே நியாயம் கேட்பார். கடைக்காரர் மனைவியைப் பார்ப்பார். மனைவி வேறு பக்கம் பார்ப்பாள். பிரஸ்ஸில் வீணாகும் தாளையெல்லாம் வீட்டுக்குத்தான் அள்ளிக்கொண்டு வருகிறார். மகளின் நோட்டுகளுக்கு அதில்தான் அட்டை. மை சரியாகப் பதியாமல் நாலு உதடும் மூன்று கண்ணுமாகச் சிரிக்கும் ஷாம்பு அழகிகளைப் பார்த்து, வீட்டில் எல்லாரும் நலமா என்று டீச்சர் விசாரித்திருக்கிறார்.

சமையலறையையும் விட்டுவைக்கவில்லை. உப்பு டப்பாவில் உள்ளங்கை அகலத்துக்கு 'உப்பு' என்று ஒட்டினார்.

"இத்தனை வருஷமா எனக்கு உப்பு எதுன்னு தெரியாதா?"

"உனக்குத் தெரியும். நீ வீட்ல இல்லாதப்ப?"

"நான் இல்லாதப்ப நீங்க எப்பங்க அடுப்புப் பக்கம் வந்தீங்க?"

 மறுநாள் சர்க்கரைக்கும் ஒட்டிவிட்டார்.

பஸ் நிறுத்தத்துக்குப் போய், முன்பின் தெரியாதவர்களிடம் காகிதத்தை நீட்டி, "இதுல என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க?" என்று கேட்பதும் உண்டு. ஒரு பெண்மணி, பாவம் படிக்கத் தெரியாதவர் என்று இரக்கப்பட்டு, முழுவதையும் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டி, அவரைப் பத்திரமாக ஒரு பஸ்ஸிலும் ஏற்றிவிட்டிருக்கிறார். எங்கேயோ போய் இறங்கித் திரும்பி வந்தவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "கண்ணாடி போடாமலே படிச்சாங்கம்மா." மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

இத்தனைக்கும் காரணம் என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் இவ்வளவு பொறுத்துக்கொள்கிறாள். அவளுடைய அப்பாவுக்குத் தினமும் மாலையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். அதைச் செய்துகொண்டிருந்தவர் மாப்பிள்ளைதான். ஒரு சமயம் பெரியவருக்குக் காது வலியும் சேர்ந்துகொள்ள, அதே கம்பெனியின் காது மருந்தும் மருந்துத் தட்டுக்கு வந்தது. இரண்டும் விருது வாங்கிய அதே வெள்ளைப் பெட்டி, அதே வெள்ளைப் பாட்டில், அதே வெள்ளி எழுத்து. அவரே பார்த்துப் பார்த்துச் செய்தது. அன்று மாலை, செய்தவருக்கே அடையாளம் தெரியவில்லை. காது மருந்து கண்ணுக்குள் போய்விட்டது.

பெரியவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. டாக்டர் கழுவிவிட்டார். சில நாள் சிவந்திருந்து, கண் சரியாகிவிட்டது. பெரியவர் மாப்பிள்ளையை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாலையில் இவர் தட்டின் பக்கம் போனாலே, "அவ வரட்டும்" என்பார். அவ்வளவுதான். அவள் வந்து மருந்தை எடுத்தால்தான் தலையைச் சாய்ப்பார். நன்றாகத் திட்டித் தீர்த்திருந்தால் இவர் தேறியிருப்பார். அந்த இரண்டு சொல்தான் இவரை அரித்துக்கொண்டே இருந்தது. அந்தத் தட்டின் பக்கம் தன்னை மறுபடி சேர்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் அவருக்கு.

இந்த நிலையில்தான் அதே மருந்து கம்பெனி புதுப் பெட்டிகள் கேட்டது. அவர் வெள்ளியைத் தூக்கிப் போட்டார். லேமினேஷனைத் தூக்கிப் போட்டார். கண் மருந்தில் பெரிய கண், காது மருந்தில் பெரிய காது. போதாதென்று காது மருந்து பாட்டிலின் லேபிளில், வழக்கமாக வெட்டி எறியும் ஓரத்தை வெட்டாமல் மடித்துவிட்டு, நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தார். தடவினால் விரலில் தட்டும்.

"என்னங்க இது, மருந்து பாட்டிலுக்குக் காது?"

"இருட்டுல தெரியணும்ல? புதுசா ஒரு துண்டு காகிதம்கூடச் செலவில்ல. குப்பைக்குப் போறதுதான்."

"அவங்க சிரிக்கப் போறாங்க."

சாம்பிள் பார்க்க வீட்டுக்கு வந்த கம்பெனி அதிகாரி சிரிக்கவில்லை, முகம் சுளித்தார். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழசு எவ்ளோ கம்பீரமா இருந்துச்சு சார். இது சின்னப் புள்ளைங்க விளையாடற மாதிரி இருக்கு. எல்லா மருந்தும் ஒரே குடும்பம்னு தெரிய வேணாமா?"

கணவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். வந்தவரிடம் பக்குவமாகப் பேச வேண்டும் என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். "அப்படித் தெரிஞ்சதாலதான் சார் எங்கப்பா கண்ணுல காது மருந்து போச்சு. ஊத்தினது யார் தெரியுமா? டிசைன் பண்ணவரே."

 மேலே கேட்டுவிட்டுச் சொல்வதாக அதிகாரி சாம்பிள்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாடிக்கை கைநழுவிப் போகிறதோ என்று பயந்து, "காபி சாப்பிட்டுப் போங்க சார்" என்றாள் அவள். இவரோ வாசல்வரை பின்னாலேயே போய், "அந்தக் காத இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணலாம் சார்" என்றார். அவளுக்கு வந்த கோபத்தைச் சமையலறைப் பாத்திரங்கள்தான் வாங்கிக்கொண்டன.

மாலையில் வழக்கம்போல மருந்துத் தட்டு சன்னலோரம் வந்தது. தட்டில் புது லேபிள் ஒட்டிய இரண்டு பாட்டில்கள். ஒன்றில் கண் மருந்து. இன்னொன்றுக்காக, தீர்ந்துபோன காது மருந்து பாட்டிலைக் கழுவிச் சோதனைக்காகத் தண்ணீர் நிரப்பி அவர் வைத்திருந்தார். விளக்கு இன்னும் போடவில்லை. மாமனாரின் பின்னால் அவர் சும்மா நின்றுகொண்டிருந்தார். பெரியவர் கூப்பிடுவார் என்று அவள் ஈரக் கையைத் துடைத்தபடி கதவருகில் வந்தாள்.

பெரியவர் கூப்பிடவில்லை. இரண்டு பாட்டில்களையும் உள்ளங்கையில் எடுத்துக் கட்டைவிரலால் நிதானமாகத் தடவினார். காது தட்டியதைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். மற்றதைத் தோளுக்கு மேலே, பின்னால் நின்ற மாப்பிள்ளையிடம் நீட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்தார்.