கண்ணில் வாயுவோடு பெங்களூரு – புதுச்சேரி: 265 கி.மீ., ஒரு மணி பத்து நிமிடம்

போன மாசியில் என் வீட்டுக்காரருக்கு இடது கண்ணில் விழித்திரை கிழிந்துவிட்டது. எங்கள் ஊர் கரிக்கலாம்பாக்கத்தில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு பெங்களூரு ஓடினோம். ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் சொன்னார்: “கிழிஞ்ச எடத்த அழுத்திப் புடிக்க கண்ணுக்குள்ள வாயு வெச்சிருக்கோம். அது கரையற வரைக்கும் குனிஞ்சே இருங்க. ஊட்டி, கொடைக்கானல்னு மேல எங்கயும் போயிடாதீங்க.”

“எங்க ஊர்ல ஏரிக்கரைதான் சார் உசரம்” என்று இவர் சிரித்தார். எப்படிப் போவீர்கள் என்று கேட்டதற்கு, கார் என்றோம். அப்போது அதுதான் திட்டம்.

பெங்களூரில் இருக்கும் என் தம்பி தினேஷுக்கு மனசு கேட்கவில்லை. சாலையில் 340 கி.மீ., எட்டு மணி நேரம், மாமா குனிந்தே எப்படி வருவார்? வான்வழியில் 265 கி.மீ.தான், ஒரு மணி பத்து நிமிடம். டிக்கெட் போட்டுவிட்டான். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. (நேரங்கள் மாறும், நீங்கள் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.)

விசிறி வைத்த சின்ன விமானம். உட்கார்ந்து பெல்ட் போட்டாயிற்று. இவர் முன் சீட்டில் நெற்றியை முட்டுக் கொடுத்திருந்தார். விமானி ஒலிபெருக்கியில் வணக்கம் சொல்லி, பறக்கும் நேரத்தைச் சொன்னார். பிறகு, பதினேழாயிரம் அடி உயரம் என்றார்.

ஊட்டியே கூடாதென்றால் இது?

டாக்டருக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். பணிப்பெண் கதவை நோக்கி நடந்தாள்.

“எழுந்திருங்க, எறங்கலாம்.”

“இன்னாடி, ஒரு மணி நேரந்தானே? குனிஞ்சிக்கினே வந்துடறேன்.”

என்னால் விளக்க முடியவில்லை. எழுந்து நின்று, “கதவ மூடாதீங்கம்மா, இவருக்குக் கண் ஆபரேஷன்” என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நினைத்தது தப்பாக இருந்தால்? எங்கள் பெட்டியை இறக்கும் வரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள். இவர் என் கையை உதறிவிட்டுப் படியிறங்கினார்.

வெளியே வந்து உட்கார்ந்த பிறகுதான் டாக்டர் கூப்பிட்டார். சொன்னேன். “எறங்கிட்டீங்களா? நிச்சயமா எறங்கிட்டீங்களா?” என்று இரண்டு முறை கேட்டார். மேலே போயிருந்தால் வாயு விரிந்து, கண்ணுக்கு ரத்தம் போவதே நின்றிருக்குமாம். அதை இவரிடம் சொன்னதும் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

தினேஷ் டாக்சியோடு வந்தான். ஓட்டுநர் கிருஷ்ணகிரிக்காரர்.

“வழியில மேடு எதுனா ஏறுமாண்ணே?”

“ஊர் வரைக்கும் எறக்கந்தான்கா. பயப்படாதீங்க.”

பயப்படாமல் எப்படி? ஓசூர், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி என்று வண்டி போகப் போக, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை “வலிக்குதா? வலிக்குதா?” என்று கேட்டேன். செஞ்சியில் இவர், “நீ கேக்கறதுலதான்டி வலிக்குது” என்றார்.

மறுநாள் காலையில் புதுச்சேரியில் கண் அழுத்தம் பார்த்தார்கள். சரியாக இருந்தது. சில வாரங்களில் வாயு கரைந்தது. இப்போது நேர்க்கோடு கொஞ்சம் வளைந்து தெரிகிறது என்கிறார். ஆனால் தெரிகிறது.

டிக்கெட் போடும்போது நாங்கள் தூரத்தைப் பார்த்தோம், நேரத்தைப் பார்த்தோம், உயரத்தை நினைக்கவில்லை. கண் ஆபரேஷன் ஆனவர்கள், உள்ளே வாயு வைத்திருக்கிறார்களா, எப்போது பறக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டே கிளம்புங்கள். பயணத் திட்டம் மாறினால் மறுபடி கேளுங்கள். பதில் கிடைக்கவில்லையா, இறங்கிவிடுங்கள். விமானம் நாளைக்கும் போகும்.