வலப்பக்கம் மூன்று சுற்று

என்னால் சும்மா உட்கார முடியாது. ஹைதராபாத் சனத்நகரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் என் பிரிவுக்குப் பெயரே பிளானிங். எந்தப் பாகம் எந்த வாரம் எந்த மெஷினுக்குப் போகவேண்டும் என்று கட்டம் போட்டு வண்ணம் அடிப்பதுதான் பிழைப்பு. அந்த வியாதியை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். மகளுக்கு ஆறு வயதானபோது, ஃபிகர் ஸ்கேட்டிங்குக்காக அவளுடைய அடுத்த எட்டு வருடங்களையும் ஒரே தாளில் கட்டம் கட்டி, மாரெட்பள்ளி வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் ஒட்டினேன்.

ஆசை அவளுடையதுதான், அதில் சந்தேகமில்லை. நகரத்தின் மறுகோடியில் ஒரு மாலின் நாலாவது மாடியில் சின்னதாக ஐஸ் ரிங்க் ஒன்று உண்டு. யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்காக அங்கே போனோம். மற்ற குழந்தைகளெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலற, இவள் மட்டும் கம்பியை விட்டுவிட்டு நடுவில் போனாள். விழுந்தாள், எழுந்தாள், சிரித்தாள். வெளியே வந்ததும் மறுபடியும் போகலாமா என்பதை "ஃபிர் சே, அப்பா?" என்று கேட்டாள். நானும் மனைவியும் திருநெல்வேலிப் பக்கம். இங்கேயே பிறந்த இவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் தெருவில் கற்ற இந்தியில் வரும். அவள் கேட்டது இன்னொரு தடவை. நான் கொடுத்தது எட்டு வருடத் திட்டம்.

பயிற்சியாளர் நாற்பது வயதைத் தொட்ட ஹைதராபாத்காரர். முதல் நாளே ஒரு விஷயம் சொன்னார். எழுதுவதற்கு ஒரு கை வாகாக இருப்பதுபோல, தாவிச் சுழல்வதற்கும் ஒரு பக்கம்தான் வாகாக இருக்கும். நிறையப் பேருக்கு இடப்பக்கம், சிலருக்கு வலப்பக்கம். இடப்பக்கம் சுழல்கிறவர்கள் வலது காலில் இறங்குவார்கள், வலப்பக்கக்காரர்கள் இடது காலில். அதை ஆரம்பத்திலேயே சரியாகப் பிடித்துவிட வேண்டும், பழகிய பிறகு மாற்றுவது பெரும்பாடு. "கர் மே தேக்லோ சார்" என்றார். வீட்டில் விளையாட்டாகச் சுற்றச் சொல்லிப் பார்த்தால் தானே தெரிந்துவிடுமாம்.

விளையாட்டாக ஒன்றைச் செய்யத் தெரிந்தவனா நான்? நோட்டை எடுத்துக்கொண்டேன். எங்கள் ஹாலில் மேஜை நாற்காலி இல்லாத இடம் பூஜை அலமாரிக்கு முன்னால் மட்டும்தான். நான் வேலை முடிந்து வருவதற்கும் மனைவி விளக்கேற்றி முடிப்பதற்கும் சரியாக இருக்கும். அப்படியே மகளை அங்கே நிறுத்தி, சுத்து பாப்போம் என்றேன். வலப்பக்கம் சுற்றினாள். மறுபடியும் என்றேன். மறுபடியும் வலப்பக்கம். ஐந்து நாள், நாளுக்குப் பத்து முறை. ஐம்பதும் வலப்பக்கம். தொழிற்சாலையில்கூட எனக்கு இவ்வளவு சுத்தமான முடிவு கிடைத்ததில்லை. பெற்றாலும் பெற்றோம், அபூர்வமான பிள்ளையைப் பெற்றிருக்கிறோம் என்று தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் பயிற்சியாளர் குனிந்து அவளிடம்தான் கேட்டார், எந்தப் பக்கம் என்று. முந்திக்கொண்டு பதில் சொன்னது நான்.

அதன்பிறகு வீட்டில் எல்லாமே இடது கால்தான். இடது காலில் நின்று பல் தேய்க்க வேண்டும். இடது காலில் நின்று வாய்ப்பாடு சொல்ல வேண்டும். மொட்டைமாடியில் சாக்பீஸால் கோடு போட்டு, அதைத் தாண்டித் தாவி இடது காலில் இறங்க வேண்டும். அலுவலகத்தில் மீட்டிங் நடக்கும்போதுகூட என் கை தாளின் ஓரத்தில் சின்னச் சின்ன அம்புக்குறியாகப் போட்டுக்கொண்டிருக்கும், எல்லாம் வலப்பக்கம் வளைந்தவை.

ஒன்றரை வருடம் ஓடியது. காற்றில் ஒரே ஒரு முழுச் சுற்று, ஒற்றைக் காலில் இறங்கல். திட்டப்படி ஏழு வயதில் வந்திருக்க வேண்டியது, ஏழரையிலும் வரவில்லை. முக்கால் சுற்றில் உடம்பு திணறி, இடது இடுப்பில் சொத்தென்று விழுவாள். அங்கே கன்றிப்போன இடம் ஆறுவதற்குள் அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி வந்துவிடும். ஃப்ரிட்ஜ் தாளில் சிவப்புக் கட்டங்கள் கூடிக்கொண்டே போயின. சிறு பிள்ளைகளுக்கான மாநிலப் போட்டிக்கு இன்னும் ஒரு மாதத்தில் ஆள் எடுக்கவிருந்தார்கள். அதைவிட என்னை அரித்தது வேறொன்று. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவள் படுக்கையை விட்டு எழுந்திருக்க மறுத்தாள்.

"புள்ளைக்கு ஞாயித்துக்கெழமை மட்டும் வயிறு வலிக்குங்கா. எதுக்குன்னு யோசிச்சியளா?" என்றாள் மனைவி. "நீங்க போட்ட கட்டம் ஃப்ரிட்ஜுல ஆடாம இருக்கு. அவதான் ஆட்டங்கண்டு போயிட்டா."

யோசித்தேன். யோசித்து, வார்ம்அப் நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டினேன். என் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

ரிங்கில் நான் தடுப்பை ஒட்டி நடந்துகொண்டே இருப்பேன். இந்த மூலையிலிருந்து அந்த மூலை, அங்கிருந்து திரும்ப. அவள் ஒவ்வொரு முறை விழுந்ததும் முதலில் என்னைத்தான் தேடிப் பார்ப்பாள். ஒருநாள் பயிற்சியாளரே பொறுக்கமாட்டாமல், "பைட்டோ நா சார். ஆப்கூ தேக்கே மேரேகூ சக்கர் ஆரா" என்றார். நான் உட்கார வேண்டுமாம், என்னைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றுகிறதாம். சுற்ற வேண்டியவள் சுற்றவில்லையே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அன்றுதான் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. பேச வெளியே போனேன். பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட, ஷூ வாடகைக்குத் தரும் பக்கத்து வாசல் வழியாக உள்ளே வந்தேன். மகள் தூரத்து மூலையில் தனியாக இருந்தாள். நான் வழக்கமாக நிற்கும் இடத்தை ஒருமுறை பார்த்தாள். அங்கே நான் இல்லை. கைகளை விரித்துப் பின்னோக்கி வழுக்கிப் போனாள், தாவினாள், காற்றில் இடப்பக்கமாக முழுதாக ஒரு சுற்று, வலது காலில் இறங்கி அப்படியே மிதந்து போனாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

நான் என்ன செய்தேன் என்று எழுதவே கூசுகிறது. "ஏய், அந்தப் பக்கம் இல்ல!" என்று கத்தினேன்.

ரிங்க் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவள் சிரிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டு தடுப்பருகே வந்தாள். "ஸாரி அப்பா. அம்மாகூ நக்கோ போலோ" என்றாள். அம்மாவிடம் சொல்ல வேண்டாமாம். அம்மாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு பாதித் தமிழில் சொன்னாள்: "உல்டா சுத்தினா சாமி கோவிச்சுக்கும்."

எங்கள் வீட்டில் விளக்கேற்றியதும் அலமாரிக்கு முன்னால் கைகூப்பி நின்று, நின்ற இடத்திலேயே வலப்பக்கமாக மூன்று முறை சுற்றிக் கும்பிடுவோம். ஆத்மப் பிரதட்சிணம். நடக்கத் தொடங்கிய வயதிலிருந்து அவளும் சுற்றுகிறாள். ஒருமுறை கோயிலில் நவக்கிரகத்தை எதிர்த்திசையில் ஓடிச் சுற்றியவளை மனைவி கையைப் பிடித்து இழுத்து அதட்டியதும் ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளையை, அதே அலமாரிக்கு முன்னால், எரிகிற விளக்குக்கு எதிரே நிறுத்தித்தான் நான் சோதனை நடத்தியிருக்கிறேன். அவள் வேறு எந்தப் பக்கம் சுற்றுவாள்? தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நானும் அதே இடத்தில்தான் மூன்று சுற்று சுற்றுகிறேன். பெரிய பிளானிங் இன்ஜினியர்!

விஷயத்தைக் கேட்ட பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "பச்சிகூ பூச்சே க்யா சார்?" என்று மட்டும் கேட்டார். பிள்ளையிடம் கேட்டீர்களா?

வீட்டில் மனைவி முதலில் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாமி முன்னாடி அப்படிச் சுத்தச் சொன்னது நானு. ஐஸ்லயும் அப்படியே சுத்தச் சொன்னது நீங்க" என்றாள். பாவத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொடுத்த மாதிரி இருந்தது. என் பங்குதான் பெரிது என்று எனக்குத் தெரியும்.

மகளை மடியில் உட்காரவைத்துக்கொண்டேன். "சாமி ஐஸ் ரிங்குக்கெல்லாம் வராதும்மா. அங்க நீ எந்தப் பக்கம் வேணாலும் சுத்தலாம்" என்றேன்.

கொஞ்சநேரம் என் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, எனக்கு நன்றாகப் புரியவேண்டும் என்பதற்காகவோ என்னவோ, சுத்தமான தமிழில் கேட்டாள்: "ஆனா நீங்க வருவீங்கல்ல?"

அடுத்த ஞாயிறு அவளை நாலாவது மாடியில் விட்டுவிட்டு, கீழே பார்க்கிங்கிற்கு வந்துவிட்டேன். உட்கார முடியவில்லை. ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரைக்கும் நடந்தேன். மேலே விழுகிறாளா, எழுகிறாளா, யாரைத் தேடிப் பார்க்கிறாள்? இரண்டு தடவை லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு, கதவு திறந்ததும் உள்ளே போகாமல் திரும்பினேன். வண்டியை எங்கே நிறுத்தினீங்கன்னு மறந்துபோச்சா சார் என்று காவலாளி பரிதாபமாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து மகள் வந்தாள், ஷூ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. வயிற்று வலியின் சுவடே இல்லை. எப்படிப் போயிற்று என்று கேட்க நாக்கு துடித்தது, கேட்கவில்லை. அவள் முன்னால் நடந்தபோதுதான் கவனித்தேன். ஒன்றரை வருடமாக நனைந்தே பார்த்த இடது இடுப்பு காய்ந்திருந்தது. வலது பக்கம் கால்சட்டை தொப்பலாக நனைந்து, ஐஸ் துகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டி சாவியை எடுப்பதுபோலத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஸ்கூட்டரில் ஏறி என் முதுகில் சாய்ந்துகொண்டு சொன்னாள், இதையும் தமிழிலேயே: "அடுத்த வாரமும் நீங்க கீழேயே இருங்கப்பா."

சரி என்றேன்.