விழிஞ்ஞத்துக் குளிர் அறையில் வெடித்த தரை

ஆகஸ்டு முதல் வாரம் விழிஞ்ஞம் போனேன். கடல் பார்க்க அல்ல. மீன் வைக்கும் குளிர் அறை ஒன்றுக்கு என் தங்கை மகன் செல்வம் போட்ட தரை வெடித்துவிட்டது. சிமெண்டைத் திருடிவிட்டான் என்று முதலாளி அவனை வேலையை விட்டு நிறுத்தப் பார்க்கிறார். அதே அறையில் என் வீட்டுக்காரர் தரை போட்டபோது, இந்த முதலாளியின் அப்பாவும் அப்படித்தான் சொன்னார். அன்று கூட நின்று சாந்துச் சட்டி சுமந்தவள் நான். அதற்குப் பிறகு துறைமுகத்தில் என் வீட்டுக்காரரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

ரயில் இறங்கும் தம்பானூரிலிருந்து கிழக்கேக்கோட்டைக்கு நடந்தே போகலாம். அங்கிருந்து பஸ்ஸில் பதினாறு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். இறங்கியதும் ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய் கொடுத்தேன். ஐம்பது கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

அறைக்கதவைத் திறந்ததும் மூச்சு புகையாகப் போனது. வெடிப்பு குளிர்க்குழாய்க்கு அடியில் தொடங்கிக் கதவு வரை ஓடியது.

"எங்க வீட்டுக்காரர் போட்ட தரையும் இதே இடத்துலதான் வெடிச்சது. மீன் நெறைய வந்த மொத நாளு," என்றேன்.

"அம்மச்சிக்கு அதொக்கெ ஓர்மை உண்டோ?" என்றார் முதலாளி, அதெல்லாம் ஞாபகம் இருக்கிறதா என்று.

"உங்க அப்பா சொன்ன வார்த்தையும் ஓர்மை உண்டு. சொல்லட்டுமா?"

மெஷின் பார்க்க வந்திருந்த இன்ஜினியர் பெண் நிமிர்ந்தாள். "மீன் இல்லாதப்போ மெஷினைக் குறைச்சு வைப்பீங்களா சாரே?"

"பின்னே? கரண்டு பில் ஆரு கட்டும்? மீன் வந்தா அன்னிக்கே மெஷினை முழுசும் போட்டுருவோம்."

அவள் பொறுமையாக விளக்கினாள். இத்தனை குளிர் தரையோடு நிற்காதாம். அடியிலுள்ள ஈர மண்ணும் உறைந்து பாறையாகிவிடுமாம். அதைச் சட்டென்று இன்னும் குளிரவைத்தால் சுருங்கப் பார்க்கும். சுற்றிலும் உள்ள மண் பிடித்திருக்கும்போது எங்கே சுருங்க? இழுவை தாங்காமல் கிழிந்து, மேலே இருக்கும் தரையையும் கிழித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரவைத்தால் மண் தாங்கிக்கொள்ளும்.

முதலாளி வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "செரி, செல்வம் வேலைல நிக்கட்டே."

"திருடன்னு முற்றத்துல நின்னுதானே சொன்னீங்க? இதையும் அங்க நின்னு சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் முத்தையா கொத்தனார் பேரையும் சேர்த்து."

சொன்னார். கூடை தூக்குகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள். செல்வம் தலை நிமிரவில்லை. அவன் தோளை மட்டும் தட்டிவிட்டு வந்தேன்.

நீங்கள் இப்படி ஓர் அறைக்குப் போனால் கம்பளியும் ரப்பர் செருப்பும் வேண்டும். வெளியே வந்ததும் நேரே வெயிலுக்கு ஓடாதீர்கள், நிழலில் கொஞ்சம் நில்லுங்கள். நான் நின்றேன். முதலாளி டீ கொண்டுவரச் சொன்னார். குடிக்கவில்லை. மகன் முற்றத்தில் சொல்லிவிட்டார், அவர் அப்பா சொல்லாமலே போய்விட்டாரே.