பாதையை அடைத்த அத்தை

ஆற்றோரம் ஓடிய ரயில் நின்றுபோனதும் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அத்தையை மட்டும் பெயர்க்க முடியவில்லை. கேட் கீப்பர் வேலை போனாலும், கேட்டை ஒட்டிய ஒற்றை அறை வீட்டில் இருந்துகொள்ள விட்டார்கள். ஒரே நிபந்தனை: தண்டவாளம் இருந்த இடத்தில் புதிதாகப் போட்ட நடைபாதைக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது.

நடப்பவர்களுக்கு அத்தையின் வீடும் காட்சிதான். ஜன்னலில் முகம் வைத்துப் பார்ப்பார்கள். ஒருவர் கதவைத் திறந்து உள்ளேயே வந்துவிட்டார்.

"மியூசியம்னு நெனச்சேன்ம்மா."

"அப்ப என்னையும் தூசி தட்டி வச்சுட்டுப் போங்க."

ஒருநாள் காலை அந்தப் பாதையில்தான் அத்தையைப் பார்க்கப் போனேன். நாணலும் நீரும் கூடவே வந்தன. "பாதை அழகா இருக்கு அத்தை" என்றேன்.

"நீயும் அவங்க கட்சியா?"

வெளியே ஒரு கேமராக்காரர் தன் மனைவியை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தார். கொடியில் தொங்கிய அத்தையின் உள்பாவாடை ஆற்றை மறைத்தது. அதை உருவிப் புதரில் போட்டார்.

அத்தை ஆணியிலிருந்து கேட் சாவியை எடுத்தாள்.

பாதை போட்டவர்கள் பழைய கேட்டுக்கு வெள்ளையடித்து அலங்காரத்துக்கு விட்டிருந்தார்கள். அது சாலையை மட்டும்தான் மூடும் என்று நினைத்திருக்கிறார்கள். அந்தக் கேட்டைத் திருப்பினால் தண்டவாளம் இருந்த வழியையும் மூடலாம். அத்தை தோள் கொடுத்துத் தள்ளினாள். கேட் பாதைக்குக் குறுக்கே வந்து நின்றது. ஒரு பக்கம் ஆற்றுச் சரிவு, மறுபக்கம் வீட்டுச் சுவர். அத்தை பூட்டினாள்.

சைக்கிள்கள் வந்து குவிந்தன.

"ஏம்மா, தொறங்க!"

"சிக்னல் விழல."

"ரயிலே இல்லையே!"

"வர்றவரைக்கும் நில்லு."

"வேண்டாம் அத்தை, வீடு போயிடும்" என்று கையைப் பிடித்தேன். உதறினாள்.

பாதை மேற்பார்வையாளர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். "எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டுத் தொறந்துடுங்க. இத்தோட விட்டுடறேன்."

"என் துணியத் தொட்டவன் மொதல்ல கேக்கட்டும்."

கேமராக்காரர் சிரித்தார். "ஒரு பாவாடைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

அவர் மனைவி மட்டும் புதரிலிருந்து அதை எடுத்து உதறிக் கொடியில் போட்டார். அத்தை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கேமராக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மன்னிப்புக் கேட்காமல் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அப்ப காலி பண்ணிடுங்க" என்றார் மேற்பார்வையாளர்.

"பண்ணிக்கிறேன். இவன் வந்த வழியே திரும்பிப் போகட்டும். அப்பறம் தொறக்கறேன்."

கேமராக்காரர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி நடந்தார். அவர் வளைவில் மறையும்வரை அத்தை காத்திருந்தாள். பிறகுதான் பூட்டைத் திறந்தாள்.

இப்போது என் அறையில் இருக்கிறாள். ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்கிறது. நான் தட்டாமல் நுழைந்தால், நான்தான் என்று நன்றாகத் தெரிந்தும், "யாரது?" என்று அதட்டுகிறாள். வெளியே போய்த் தட்டிவிட்டு வருகிறேன்.