வெட்டாத கால்கள்

பந்தல்குடி இம்மானுவேல் எனக்கு மருமகன் முறை. என் பெரியப்பா மகள் ரூத்துக்கு இரண்டாவது பிள்ளை. பகலில் பருத்தி லோடு ஏற்றுவான். வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்காது, ரேடியோ கட்ட உட்கார்ந்துவிடுவான். கட்டியதை ஒரு வாரம் பாட விடமாட்டான். பிரித்து, அதே டிரான்சிஸ்டரை வேறு பலகையில் வைப்பான். மறுபடி எடுக்க வேண்டுமே என்று அதன் மூன்று கம்பிக் கால்களையும் வெட்டாமல் நீளமாகவே விட்டிருப்பான்.

எண்பத்தேழில், அவன் மனைவி இவாஞ்சலினின் தங்கை அஷ்லின் திருநெல்வேலி ரேடியோவில் பாடுவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்டேஷன் தெளிவாக எடுக்கட்டும் என்று மதுரைக்குப் போய் டி.வி.க்குப் போடும் வேகமான டிரான்சிஸ்டர் ஒன்று வாங்கி வந்து வியாழக்கிழமையே மாட்டினான். எந்தப் பாட்டும் வரவில்லை. ஒரே கூவல்.

எதிர்க்கடை சங்கரலிங்கம் தெருவுக்கே வந்துவிட்டார்.

“ஏலே இம்மானு, அமத்துலே! எங்கடை ரேடியோப் பெட்டியும் சேந்து ஊளையிடுது. சாமான் வாங்க வந்தவுக காதப் பொத்திக்கிட்டு ஓடுறாக!”

பிஸ்கட் டின்னை வெட்டி பலகை நடுவில் தடுப்பு வைத்தான். டிரான்சிஸ்டரின் ஒரு காலில், மின்சாரத்தைக் குறைக்க, சின்ன ரெசிஸ்டர் சேர்த்தான். கூவல் கொஞ்சம் அடங்கியது. கையைக் கிட்டே கொண்டுபோனால் மறுபடி கிளம்பியது. எழுந்து பஸ் நிற்குமிடம் வரை நடந்தான், திரும்பி வந்தான், உட்கார்ந்தான், எழுந்தான். காரணம் அவனுக்குத் தெரியும். அந்த வேகத்துக்கு நீளக் கால் ஆகாது. சிக்னலைப் பெருக்கி வெளியே விட்டதைக் கால் வழியாகத் தானே திரும்ப வாங்கிக்கொண்டு கூவும்.

“அப்ப வெட்ட வேண்டியதுதான?” என்றாள் இவாஞ்சலின்.

“வெட்டிட்டா வேற செட்டுக்கு எட்டாது புள்ள.”

“இந்த வீட்டுல ஒரு பாட்ட முழுசாக் கேட்டுருக்கமா? எந்தங்கச்சி பாட்டையும் எதுத்த கடை வாசல்ல நின்னு கேக்கணுமா?”

கட்டரை எடுத்தான், கீழே வைத்தான். சனிக்கிழமையும் போனது.

ஞாயிறு காலை அஷ்லின் பெயரைச் சொல்வது கேட்டது. உடனே கூவல். இவாஞ்சலின் செருப்பைத் தேடினாள். அவன் அவளைப் பார்த்தான். டிரான்சிஸ்டரைப் பிடுங்கி, மூன்று காலையும் ஒட்ட வெட்டி, பலகையோடு பலகையாக ஈயம் வைத்துப் பற்றவைத்தான்.

பாட்டில் பாதி போயிருந்தது. மீதிப் பாதி சுத்தமாக வந்தது. எதிர்க்கடையிலும் அதே குரல். இவாஞ்சலின் ஒரு காலில் செருப்போடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மறுநாளே அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தான். இனி அந்தக் கால் எந்தப் பலகைக்கும் எட்டாது. மூடிவிட்டுச் சட்டையை மாட்டினான்.

“மதுரைக்குப் போயி இன்னொண்ணு வாங்கிட்டு வாரேன்.”

“போயிட்டு வாங்க,” என்ற இவாஞ்சலின், பாடிக்கொண்டிருந்த ரேடியோவின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.