அம்மா துப்பிய கொட்டைகள்

போன வாரம் தொம்மலூரில் ஒரு பெரிய கடையில் என் மருமகள் ஒரு பழத்தை எடுத்துக் கூடையில் போட்டாள். தக்காளி மாதிரி உருண்டை, ஆரஞ்சு நிறம், தலையில் நாலு இதழ்த் தொப்பி. குளிருக்கு ஸ்வெட்டர் போட்டதுபோல் மேலே ஒரு வலை வேறு. "பெர்சிமன் அத்தை, ஃபாரின் பழம்" என்றாள். அந்தத் தொப்பியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடி ஆத்தி, இது எங்கள் தும்பிலியின் பணக்காரத் தங்கை அல்லவா!

தும்பிலி ஆனேக்கல் பக்கத்துக் காட்டு மரம். இலையில் பீடி சுற்றுவார்கள். மஞ்சளாகப் பழுத்தால் பழத்தைத் தின்பார்கள். காயைக் கடித்தீர்களோ, போச்சு, நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஜோகுபாளையத்தில் எங்கள் வீடு. அப்பா வீட்டிலேயே பீடி சுற்றிக் கடைகளுக்குப் போடுவார். ஈரச் சாக்கில் சுற்றிவைத்த இலை வாசனையும் புகையிலை நெடியும் என் சடைவரை ஏறியிருக்கும். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண் ஓயாமல் தும்முவாள். டீச்சர் அவளைத்தான் டாக்டரிடம் போகச் சொன்னார், பாவம்.

அப்பாவுக்கு ஓர் ஆசை. தான் பிடிக்கிற பீடிக்காவது சொந்த இலை வேண்டும். காட்டிலிருந்து கன்று பிடுங்கிவந்து நட்டார். ஆணிவேர் அறுந்து எல்லாம் கருகின. மறுபடி நட்டார், மறுபடி கருகின. அம்மா ஆனேக்கல்காரி. நான் வயிற்றிலிருந்தபோது மசக்கைக்கு அவள் அண்ணன் ஒரு கூடை தும்பிலிப்பழம் கொண்டுவந்தாராம். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தின்று கொட்டைகளைத் துப்பினாள். அவை முளைத்தன. நாலு மரம்! அதனால் எனக்கும் அவற்றுக்கும் ஒரே வயது. வளர்த்தியில் மட்டும் நான் ஜெயித்தேன்.

ஏனென்றால் அப்பா அவற்றை வளரவிட்டால்தானே? மாசி பிறந்தால் அரிவாளோடு கொல்லைக்குப் போய் நாலையும் தரையோடு தரையாக வெட்டிவிடுவார். அப்படி வெட்டினால்தான் புதுத் தளிர் வரும், இலை மெல்லிசாக, சுருட்டினால் கிழியாமல் இருக்கும். ஆனால் வருஷா வருஷம் வெட்டுப்படுகிற செடி எங்கே பூக்கும், எங்கே காய்க்கும்? அம்மாவுக்கோ தன் கொல்லையிலேயே பழம் பறித்துத் தின்ன வேண்டும். மாசிதோறும் எங்கள் வீட்டில் இதே பாட்டுத்தான்.

"துப்பி வளத்தது நானு, வெட்றது நீங்களா?"

"பழம் துன்னா வயிறு ரொம்புமா மே?"

"பீடி குடிச்சா மட்டும் ரொம்புதாக்கும்!" கோபம் முற்றினால் அம்மா தன் ஊர்க் கன்னடத்துக்குத் தாவிவிடுவாள். "ஒந்தே ஒந்து வர்ஷ ரீ!" ஒரே ஒரு வருஷம் விடுங்கள் என்று கெஞ்சல்.

"ஆகட்டும், வர்ற வருசம் பாக்கலாம்" என்பார் அப்பா, வெட்டிக்கொண்டே. பாவி மனுஷன், அந்த வர்ற வருஷம் வரவே இல்லை. நானும் வெட்கமில்லாமல் கட்சி மாறுவேன். பழம் என்றால் அம்மா பக்கம், இலை கிள்ளிக் கொடுத்தால் காலணா என்றால் அப்பா பக்கம்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மழைக்காலம், அப்பாவுக்குச் சளி பிடித்தது. இருமல் நிற்கவில்லை. தீபாவளிக்கு முன்பே போய்விட்டார்.

மாசி வந்தது. அரிவாளை எடுக்க யாருமில்லை. மரங்கள் தம்பாட்டுக்கு உயர்ந்தன. மூன்றாம் வருஷம் வெளிர் மஞ்சளாகக் குட்டிக்குட்டிப் பூக்கள். இரண்டு மரம் வெறுமே பூத்து உதிர்ந்தது, ஒன்று பூக்கவே இல்லை. ஒன்று மட்டும் காய்த்தது. வெயில் ஏற ஏறக் காய்கள் மஞ்சளாயின.

அம்மா முதல் பழத்தைப் பறித்து அதே கல்லில் உட்கார்ந்து தின்றாள். "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "இனிப்பாத்தான் கீது" என்றாள். மீதியை எனக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துவிட்டாள். இரண்டாவது பழத்தை அவள் தொடவே இல்லை.

அடுத்த மாசியில் ஒருநாள் காலையில் சத்தம் கேட்டுக் கொல்லைக்கு ஓடினேன். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்பாவின் அரிவாளால் காய்க்கிற அந்த மரத்தையே வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பீடி சுத்த ஆளில்லையேம்மா!"

"தெரியும்டி. எல வரட்டும்."

நாலையும் வெட்டினாள். இலை வந்தது. பறித்து ஈரச் சாக்கில் சுற்றிவைத்தாள். யாரும் பயன்படுத்தாமலே அது காய்ந்துபோனது. அவள் இருந்தவரை மாசிதோறும் அப்படித்தான். அதன்பின் அந்தக் கொல்லையில் நாங்கள் பழமே பார்க்கவில்லை. அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்கு விளங்க, நானும் ஒருவரை இழக்கவேண்டியிருந்தது.

இப்போது அந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம். துவைக்கிற கல் இருந்த இடத்தில் கார் நிற்கிறது.

கடைப்பழத்தை மருமகள் அழகாக வில்லை போட்டுத் தந்தாள். நல்ல இனிப்பு, குறை சொல்ல முடியாது. வாயில் போட்டு, பழைய வழக்கத்தில் நாக்கால் துழாவித் துழாவிப் பார்த்தேன். துப்புவதற்கு ஒரு கொட்டைகூட இல்லை.