எல்லாம் அப்படியேதான் இருக்கு

என் மனைவி ஹூரியாவுக்குப் பொய் சொல்ல வராது. மீன் நன்றாயில்லை என்றால் மீன்காரன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். நியூசிலாந்தில், தரையே கொதிக்கும் ரொட்டோருவாவில், எங்கள் மாவோரிப் பழங்குடிக் கிராமத்தை டூரிஸ்டுகளுக்குச் சுற்றிக்காட்டும் வேலை அவளுக்கு, இருபத்தெட்டு வருடமாக. கொதிக்கும் ஊற்றை ஒட்டி நின்று போட்டோ எடுப்பவர்களை அவள் திட்டும் திட்டு பஸ் நிற்கும் இடம்வரை கேட்கும். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் பதினோரு வருடம் பொய் சொன்னாள். ஆஸ்திரேலியாவுக்குப் பிழைக்கப் போன அவளுடைய தம்பி ராவிரியிடம்.

வாரம் தவறாமல் போன் வரும். "பழைய வீட்டுக்குப் பின்னாடி நாம குளிப்போமே, அந்தக் குளம் எப்படிக்கா இருக்கு?"

"எல்லாம் அப்படியேதான் இருக்குடா. நீ வர்றதுதான் பாக்கி."

எதுவும் அப்படியே இல்லை. ஒரு மழைக்காலத்தில் அந்தக் குளத்துக்குப் போகும் பாதை அடியில் வெந்து உட்கார்ந்துவிட்டது. மேலே அப்பளம்போல் வெள்ளை மண், கீழே கொதிக்கும் சேறு. அங்கே வேலி போட்டவன் நான்தான். உண்மையைச் சொல்லிவிடேன் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "மாறிப்போச்சுன்னா அவன் எதுக்கு வரணும்?" என்பாள். அதற்குமேல் நானும் பேசவில்லை. அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

போன ஜனவரியில் மனைவியையும் ஒன்பது வயது மகள் மாரமாவையும் கூட்டிக்கொண்டு வந்தே விட்டான். வந்தவன் வீட்டில் உட்கார்ந்தானா? ரப்பர் படகில் அருவியிலிருந்து குதிப்பது, காட்டில் மேடு பள்ளம் பார்க்காமல் சைக்கிள் ஓட்டுவது என்று மூன்று நாளும் சாகசம்தான். நான்காம் நாள் முதுகு பிடித்துக்கொண்டு அவன் மனைவி படுத்துவிட்டாள். ஹூரியா பூமிச் சூட்டில் வேகவைக்கும் ஆவிப்பெட்டிக்குள் சோளத்தையும் கறியையும் வைத்தாள். "சாப்பிடறப்போ சொல்லிடறேன்" என்றாள் என்னிடம்.

சாப்பாடு வேகும்வரை ராவிரி காத்திருக்கவில்லை; மகளைக் கூட்டிக்கொண்டு குளத்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டான். நான் பழைய வீட்டுப் பக்கம் போனபோது வேலிக் கம்பி மிதிபட்டுக் கிடந்தது. வேலியெல்லாம் டூரிஸ்டுக்கு, எங்களுக்கு எதற்கு என்றுதான் இந்த ஊரில் பிறந்தவன் எவனும் நினைப்பான். ஹூரியாவைக் கத்திக் கூப்பிட்டேன்.

முன்னாடி ஓடிய பிள்ளை இருபதடி தள்ளி வெள்ளை மண்ணில் நின்றிருந்தாள். எடை இல்லாததால் மண் அவளைத் தாங்கியிருந்தது. பின்னால் போன ராவிரியின் வலது கால் கணுக்கால்வரை உள்ளே போயிருந்தது. ஓடி வந்த ஹூரியா அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்துக் கரையில் தள்ளினாள். அலற வாயைத் திறந்தவனின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

"கத்தாதடா. நீ கத்தினா புள்ள உன்கிட்ட ஓடி வருவா. ஓடினா உள்ள போயிடுவா."

அவன் கத்தவில்லை. அவள் கையைக் கடித்தான். நான் அவன் ஷூவைக் கழற்றினேன். சாக்ஸோடு தோலும் வந்தது.

ஹூரியா மாரமாவைப் பார்த்தாள். கையில் ரத்தம் வழிய, குரலில் அது தெரியவே இல்லை.

"மாரமா, அத்தை பேசறேன். அப்படியே நில்லு."

"கால் சுடுது அத்தை."

"சுடும். இந்த ஊர்ல யாருக்குத்தான் சுடல. கீழ பாரு, நீ வந்த காலடி தெரியுதா?"

"தெரியுது."

"அதுலயே கால வெச்சு மெதுவா வா. வேற எங்கயும் வெக்கக் கூடாது."

நான் கிடைத்த பலகையை இந்தப் பக்கமிருந்து நீட்டிப் போட்டேன். எட்டடிக்குமேல் எட்டவில்லை. மிச்ச தூரம் அவளே நடக்க வேண்டும். ஒரு காலடி. இரண்டு. மூன்று. நான்காவதில் நின்றுவிட்டாள்.

"அத்தை, அடுத்த காலடிக்குள்ள தண்ணி கொதிக்குது."

ஹூரியா என் பக்கம் திரும்பினாள். ஆவி விலகியபோது கொதிக்கிற தடத்துக்குப் பக்கத்தில் முழங்கால் உயரப் புதர் ஒன்று தெரிந்தது. செடி பிடித்திருந்தால் அங்கே வேர் வேகாத அளவுக்காவது மண் ஆறியிருக்கும்.

"பக்கத்துல செடி இருக்குல்ல? அது மேலயே மிதி. ஒடஞ்சா ஒடியட்டும்" என்றேன் நான்.

மிதித்தாள். செடி சாய்ந்தது, மண் நின்றது. அடுத்த அடியில் பலகைக்கு வந்தாள். நான் குப்புறப் படுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா ஏன் பேசவே இல்ல?" என்று கேட்டாள். ஹூரியா அவன் வாயிலிருந்து கையை எடுத்தாள். ராவிரி அப்போதுதான் கத்தினான். ஊரே ஓடி வந்தது.

ஆஸ்பத்திரியில் ராவிரிக்குக் காலில் கட்டு, ஹூரியாவுக்குக் கையில் கட்டு. மாரமா நாற்காலியில் தூங்கிவிட்டாள். ஹூரியா பதினோரு வருடத்துப் பொய்யை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் திட்டுவான் என்று நினைத்தேன். கடைசிவரை கேட்டான்.

"பாதை போச்சு, அந்தப் பக்கமே போக முடியாதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நீ வந்திருப்பியாடா?" என்று கேட்டாள்.

அவன் மகளைப் பார்த்தான்.

"மாட்டேன்க்கா."

ஹூரியா அழுதாள். அக்காவுக்காகவே வந்திருப்பேன் என்று அந்த ஒரு தடவை அவன் பொய் சொல்லியிருக்கலாம்.